வெள்ளவத்தையில் லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர்: பழைய 121க்கு என்ன வருத்தம்?

வந்த கேள்வி, 3 மே 2025

"அண்ணா, அப்பாவின் 2003 கொரோலா 121 இப்ப என்னிடம். 1500 சிசி, ஓட்டோ கியர். வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். அப்பா ஓடிய காலத்தில் லீற்றருக்குப் பத்துக்குக் குறையாது என்பார். இப்ப ஏழுகூட வருவதில்லை. ஒரு கராஜில் ஒக்சிஜன் சென்சர் போய்விட்டது என்கிறார்கள். இன்னொன்றில் என்ஜினையே இறக்கிச் செய்ய வேண்டும் என்கிறார்கள். தம்பி வித்துப்போட்டு ஹைபிரிட் எடு என்கிறான். யாரை நம்புவது?"

3 மே, இரவு

மூன்று பேரையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம் தங்கச்சி. ஏழு என்ற கணக்கு எப்படி வந்தது, அதை முதலில் சொல்லுங்கள். ஊசி பாதிக்கு வந்ததும் ஐயாயிரம் ரூபாய்க்கு அடித்து, திரும்பப் பாதிக்கு வரும்வரை ஓடிய தூரத்தைப் பார்த்தீர்கள் என்றால் அது கணக்கே இல்லை. இருபது வயது வாகனத்தின் பெற்றோல் ஊசி மேட்டில் ஒன்று சொல்லும், பள்ளத்தில் இன்னொன்று சொல்லும்.

தாங்கியை நிரப்புங்கள். பம்பு தானாக டக்கென்று நிற்கும் இடத்தோடு விட்டுவிடுங்கள். பெற்றோல் செட்டில் நிற்கும் பெடியன் "இன்னும் கொஞ்சம் விடட்டா" என்று கேட்பான், வேண்டாம் என்று சொல்லுங்கள். டிரிப் மீற்றரைப் பூச்சியத்தில் வையுங்கள். கால்வாசிக்கு இறங்கும்வரை ஓடிவிட்டு, அதே செட்டில், முடிந்தால் அதே பம்பில், அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய கிலோமீற்றரை அடித்த லீற்றரால் பிரியுங்கள். பம்பு நிற்கும் இடம் ஒரு லீற்றர் முன்னே பின்னே போகலாம். பத்து லீற்றர் அடித்தவருக்கு அது பத்து வீதப் பிழை, முப்பத்தைந்து லீற்றர் அடித்தவருக்கு மூன்று வீதம்கூட இல்லை. அதனால்தான் கால்வாசி வரைக்கும் ஓடச் சொல்கிறேன்.

சென்சர், என்ஜின் எல்லாம் அதற்குப் பிறகு.

4 மே

படுக்கப் போனபிறகு இன்னொன்று யோசித்தேன். கொழும்பில் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்பதே பாதிக் கேள்விதான். மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் என்பது மற்றப் பாதி.

வெள்ளவத்தையில் இருந்து கோட்டை எட்டுக் கிலோமீற்றர் என்று வைப்போம். இந்த 1500 என்ஜின் ஏசி போட்டு நின்ற நிலையில் மணிக்கு ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்கும், 0.9 என்று பிடியுங்கள். வாகனம் அசைகிற நேரத்தில் லீற்றருக்குப் பன்னிரண்டு ஓடுகிறது என்றால் எட்டுக் கிலோமீற்றருக்கு 0.67 லீற்றர். ஞாயிறு காலை, காலிக்குப் போகும் காலி வீதி வெறிச்சோடிக் கிடக்கும்போது சிக்னலில் மூன்று நிமிடம் நின்றால் அதற்கு 0.05 போகும், சராசரி 11. அதே வாகனம், அதே ஆள், திங்கட்கிழமை காலை பம்பலப்பிட்டியிலும் கொள்ளுப்பிட்டியிலுமாக இருபது நிமிடம் நிற்கிறது. நின்றதற்கே 0.3 லீற்றர். மொத்தம் 0.97, சராசரி 8.2.

ஒரு நட்டைக்கூட யாரும் தொடவில்லை, பதினொன்று எட்டாகிவிட்டது. அப்பா சொன்ன பத்து அந்தக் காலத்து வீதியின் பத்து. உங்கள் வாகனத்துக்கு வருத்தம் இருக்கிறது என்றால் அது எட்டுக்கும் ஏழுக்கும் இடையில் இருக்கிறது. பத்துக்கும் ஏழுக்கும் இடையில் தேடினால் காசுதான் போகும்.

4 மே, பிற்பகல்

ஜப்பான் கட்டலாக்கில் லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்று போட்டிருக்கும் கணக்கை ஒருவர் அனுப்பிவைத்து, "இதுவும் பொய்யா" என்று கேட்கிறார். பொய்யில்லை. அந்தக் கணக்கை எடுத்த அந்தக் காலத்து 10-15 மோட் சோதனை நாலு கிலோமீற்றர் சொச்சம்தான். சராசரி வேகம் மணிக்கு 22.7, உச்சம் 70. என்ஜினை முன்கூட்டியே சூடாக்கிவிட்டு, உருளையின் மேல், ஏசி இல்லாமல் ஓட்டுவார்கள். டப்ளிகேஷன் ரோட்டில் மாலை ஐந்தரைக்கு யாருக்காவது 22.7 கிடைத்தால் சொல்லுங்கள், நானும் அந்தப் பக்கம் வருகிறேன்.

6 மே

95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் கூடுதல் தூரம் ஓடுமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: இந்த வாகனத்துக்கு இல்லை. ஜப்பானில் சாதாரண பெற்றோலின் ஒக்டேன் ஆகக் குறைந்தது 89 இருந்தால் போதும் என்பது அவர்களுடைய தரவிதி. அதற்கென்று செய்த என்ஜினுக்கு நம்முடைய 92 தாராளம். ஒக்டேன் என்பது தட்டாமல் தாங்கும் அளவு, அதில் சக்தி கூட இருப்பதாக அர்த்தமில்லை. டர்போ வாகனம், ஐரோப்பிய வாகனம், மூடியில் 95 என்று எழுதியிருக்கும் வாகனம் எல்லாம் வேறு கதை.

விடிய வெள்ளன அடித்தால் பெற்றோல் குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் என்பதும் அப்படித்தான். பத்துப் பாகைக்கு ஒரு வீதம் அளவு மாறும், அது உண்மை. ஆனால் தாங்கி இருப்பது நிலத்துக்குக் கீழே. கொழும்பில் மேலேயே காலைக்கும் மதியத்துக்கும் ஆறேழு பாகைதான் வித்தியாசம், கீழே அதுவும் இல்லை. காலையில் போவதில் இருக்கும் ஒரே இலாபம் வரிசை சிறிதாக இருப்பது.

17 மே

தங்கச்சி அளந்துகொண்டு வந்திருக்கிறார்: 6.8. சரி, வருத்தம் இருக்கிறது.

இனிக் காசு செலவழிக்காமல் ஒரு வேலை. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வருடா வருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம் இல்லையா? அங்கே தரும் தாளை எல்லோரும் "பாஸ்" என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு டாஷ்போர்ட் பெட்டிக்குள் திணிக்கிறோம். பெற்றோல் வாகனத்துக்கு அதில் கார்பன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகார்பனும் இருக்கும், ஐட்லிங்கில் ஒரு தடவை, 2500 சுற்றில் ஒரு தடவை. சீனி வருத்தக்காரர் இரத்தப் பரிசோதனைத் தாள்களை அடுக்கி வைத்துப் பார்ப்பதுபோல மூன்று நான்கு வருடத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்ட எல்லை மிகவும் தாராளமானது, அதைப் பார்க்காதீர்கள். இன்ஜெக்‌ஷனும், புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிற்றிக் கன்வேர்ட்டரும் உள்ள, நல்ல நிலையில் இருக்கும் வாகனத்துக்கு மொனொக்சைட் அரை வீதத்துக்கு வெகு கீழே நிற்க வேண்டும். அது இரண்டு மூன்று வீதமாகியும் பாஸ் ஆகியிருந்தால், பெற்றோல் எரியாமல் பைப்பால் போகிறது என்று அந்தத் தாளே எழுதிக் கொடுத்திருக்கிறது, நாம்தான் வாசிக்கவில்லை. ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் பிளக், கொயில், அல்லது எண்ணெய் எரிதல்.

என்ஜினை இறக்கச் சொல்லும் முன் அந்த கராஜ்காரர் இந்தத் தாளைக் கேட்டாரா?

18 மே

கேட்கவில்லையாம். தாளும் வந்துவிட்டது. கடைசி மூன்று வருடமும் மொனொக்சைட் 0.1, 0.2க்குள். ஹைட்ரோகார்பனும் இரட்டை இலக்கம். எண்ணெய் குறைவதில்லை, நீலப் புகை இல்லை. அப்படியென்றால் என்ஜினை இறக்கும் கதை முடிந்தது.

தெஹிவளையில் இருந்து ஓர் அண்ணர் இடையில் வந்து, கன்வேர்ட்டர் எல்லாவற்றையும் சுத்தப்படுத்திவிடும், தாளை நம்பி இருக்காதே என்கிறார். பாதி சரி. மொனொக்சைட்டை எரிக்கக் கன்வேர்ட்டருக்கு ஒக்சிஜன் வேண்டும். கலவையில் பெற்றோல் உண்மையாகவே கூடிப்போனால் அந்த ஒக்சிஜன் இருக்காது, மொனொக்சைட் வெளியே வந்துதான் தீரும். கொஞ்சமாகக் கூடியிருந்தால் மறைக்கலாம். ஆகவே கலவை எப்படி என்று கணினிக்குச் சொல்லும் ஒக்சிஜன் சென்சருக்கு இந்தத் தாள் முழு விடுதலை கொடுக்கவில்லை, பிணை கொடுத்திருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பரிசோதனைக்கு நாம் போவது வரிசையில் நின்று, என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு. சூடான என்ஜின் சுத்தம் என்றுதான் தாள் சொல்கிறது. குளிர்ந்த என்ஜினைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

18 மே, இரவு

தங்கச்சிக்கு மூன்று கேள்வி. காலையில் எடுத்தால் வெப்ப ஊசி நடுவுக்கு வர எவ்வளவு தூரம் போகிறது? ஹைவேயில் நூறில் போகும்போது ஊசி கீழே இறங்குகிறதா? ரேடியேட்டரில் இருப்பது நிறத் திரவமா, பைப்புத் தண்ணீரா? மூடியைத் திறப்பது என்ஜின் முழுதாக ஆறின பிறகு மட்டும்.

20 மே

பதில்: ஊசி நடுவுக்கு வரக் கொள்ளுப்பிட்டி ஆகிறது. மாத்தறைக்குப் போனபோது நடுவுக்குக் கீழே போய் நின்றது, "குளிர்ச்சியாக ஓடுகிறது, நல்லதுதானே என்று நினைத்தேன்." தண்ணீர் பைப்புத் தண்ணீர்.

நல்லதில்லை. அந்த வாகனத்தில் தேர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே இறுகிவிட்டது. ஆளைப் பார்க்காமலே சொல்கிறேன்: யாரோ ஒரு மெக்கானிக் பாஸ் ஒரு காலத்தில் அதைக் கழற்றி எறிந்திருக்கிறார். நம்முடைய கராஜ்களில் இது ஒரு பழக்கம். வாகனம் ஒருமுறை கொதித்தால் முதல் வேலை தேர்மோஸ்டாட்டைக் கழற்றுவது. "எங்கட நாட்டுச் சூட்டுக்கு இது என்னத்துக்கு, குளிர்நாட்டுக்காரனுக்குத்தான்" என்று ஒரு விளக்கமும் தருவார்கள். கொதித்ததற்குக் காரணம் அடைத்த ரேடியேட்டரோ ஓடாத விசிறியோ, அது அப்படியே இருக்கும்.

தேர்மோஸ்டாட் ஒரு கதவு. இந்த என்ஜினில் 82 பாகை அளவில் திறக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்குள் விடாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றவிட்டுச் சீக்கிரம் சூடாக்கும். கதவு இல்லாவிட்டால் முதல் நிமிடத்தில் இருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். வெளியே முப்பத்திரண்டு பாகை வெயில் அடிக்கலாம், என்ஜின் கணினிக்கு வேண்டியது எண்பது தொண்ணூறு. அறுபதில் நிற்கும் என்ஜினைக் கணினி "இன்னும் காலை எழுந்திருக்கவில்லை" என்றுதான் எடுத்துக்கொள்ளும். பெற்றோலைக் கூட்டி விடும், ஐட்லிங்கை ஏற்றிவைக்கும். ஓட்டோ கியரில் இன்னொன்று: குளிராக இருக்கும்வரை நாலாவது கியருக்கு ஏற விடாது, என்ஜினையும் கியரையும் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டர் லொக் ஆகவும் விடாது. எண்ணெயும் தடிப்பாகவே இருக்கும். எட்டுக் கிலோமீற்றர் ஓடுகிற வாகனத்துக்கு அதில் பாதி இப்படியே போகிறது.

புகைத் தாள் சுத்தமாக இருந்ததற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. வரிசையில் ஓடாமல் நின்றால் ரேடியேட்டருக்குக் காற்று இல்லை, தேர்மோஸ்டாட் இல்லாத என்ஜினும் கடைசியில் சூடேறிவிடும்.

வெப்ப ஊசியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தக் காலத்து டொயோட்டா ஊசி ஒரு பெரிய இடைவெளிக்கு நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி செய்யப்பட்டது. ஊசி நடுவில் நின்றால் எல்லாம் சரி என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் நடுவுக்குக் கீழே இறங்கினால் கட்டாயம் ஏதோ இருக்கிறது.

20 மே, இன்னும் கொஞ்சம்

வாங்கும்போது: உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனால் மூன்று விலையில் மூன்று தேர்மோஸ்டாட் காட்டுவார்கள். கழற்றிய பழையதை எடுக்காதீர்கள். 82 என்று முத்திரை இருக்கிறதா, ரப்பர் வளையம் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். பூட்டுவதற்கு முன் ஒரு பழைய சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கலாம். தண்ணீர் கொதிக்கும் முன்பே வாய் திறந்து, ஆறும்போது மூட வேண்டும். சோறு வைக்கும் சட்டி வேண்டாம், வீட்டில் சண்டை வரும்.

பைப்புத் தண்ணீரை முழுக்க இறக்கிவிட்டுக் கூலன்ட் விடச் சொல்லுங்கள். கொதிநிலையைவிட முக்கியம் துருப்பிடிக்காமல் இருப்பது. விசிறி ஓடுகிறதா என்பதையும் அன்றே பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் பழைய கொதிப்பு திரும்ப வரும், பழி தேர்மோஸ்டாட்டுக்குப் போகும்.

23 மே

இடையில் பலர் பலதும் கேட்கிறார்கள். சிகரெட் லைற்றர் துளையில் குத்தும் பச்சை விளக்குச் சாமான்: உள்ளே விளக்குத்தான் இருக்கிறது. பெற்றோல் குழாயில் கட்டும் காந்தம்: பெற்றோல் காந்தத்துக்கு மசியாது. தாங்கிக்குள் பூச்சி உருண்டை: எங்கள் மாமா ஒருவர் எண்பதுகளில் தன் மொரிஸ் மைனருக்குப் போட்டார், கார் அலுமாரி மாதிரி மணந்தது, அவ்வளவுதான். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட சாமான்களைச் சோதித்துப் பார்த்தது. ஒரு சிலவற்றில்தான் ஏதாவது தெரிந்தது, அதுவும் கொஞ்சம்.

24 மே

காற்று வடிகட்டி அழுக்கானால் பெற்றோல் கூடக் குடிக்கும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009இல் இதை வாகனங்களில் வைத்தே பார்த்தது. இன்ஜெக்‌ஷன் வாகனத்தில் வடிகட்டி அடைத்தால் இழுவை குறைகிறது, பெற்றோல் செலவு குறிப்பிடும்படி மாறவில்லை. காற்று குறைந்தால் கணினி பெற்றோலையும் குறைத்துவிடும். மாற்றுங்கள், மலிவுதான், கிலோமீற்றரில் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். அதன் பின்னால் இருக்கும் காற்று அளக்கும் சென்சரில் தூசு படிந்தால் அது வேறு விஷயம். அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவவேண்டும், துணியோ விரலோ படக்கூடாது.

எண்ணெய் பற்றி: பழைய என்ஜின் என்றாலே 20டபிள்யூ-50 ஊற்றுவது இன்னொரு கராஜ் மரபு. கைநூல் 5டபிள்யூ-30 என்றால் அதையே ஊற்றுங்கள். ஒன்றிரண்டு வீதம் அங்கே இருக்கிறது. எண்ணெய் எரிக்கும் என்ஜின் என்றால் தடித்தது விடுவதில் நியாயம் உண்டு. நல்ல என்ஜினுக்கு எதற்குக் கம்பளி?

31 மே

கராஜில் திறந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு. பாஸ் சிரித்துக்கொண்டே "இது எப்பவோ கழட்டினது" என்றாராம். புதியது பூட்டிக் கூலன்டும் விட்டாயிற்று.

8 ஜூன்

தங்கச்சியின் கணக்கு 7.4. ஏறியிருக்கிறது, எட்டைத் தொடவில்லை. "அப்ப ஒக்சிஜன் சென்சரையும் மாற்றவா?"

பொறுங்கள். சென்சர் வேலை செய்கிறதா என்று கேட்பதைவிட, கணினி எவ்வளவு திருத்தம் செய்கிறது என்று பார்ப்பது நல்லது. கணினி ஒரு அடிப்படைக் கணக்கில் பெற்றோல் விடும். ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று, எடைக்கணக்கில். சென்சர் சொல்வதைக் கேட்டுக் கூட்டும், குறைக்கும். அந்தத் திருத்தத்தை ஸ்கானரில் வீதமாகக் காட்டும். நீண்டகாலத் திருத்தம் ஐந்து வீதத்துக்குள் கூடக் குறைய நின்றால் சென்சரைத் தொடாதீர்கள். பத்துப் பதினைந்து வீதம் கூட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது, அல்லது காற்று சென்சர் அழுக்கு, அல்லது ஒக்சிஜன் சென்சர் கிழடாகிப் பொய் சொல்கிறது. மூன்றில் எது என்று தெரியாமல் விலை கூடியதை முதலில் மாற்றுவதுதான் நடக்கிறது.

கைபேசியோடு சேரும் மலிவான புளூடூத் கருவி வாங்கலாமா என்பவர்களுக்கு: ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்து இங்கே ரீகண்டிஷனாக வந்த அந்தக் காலத்து வாகனங்களில் சொக்கற் அதே வடிவம்தான், பேசும் பாஷை பல நேரம் வேறு. சாதாரண செயலி "இணைக்க முடியவில்லை" என்றே நிற்கும். டொயோட்டாவுக்குரிய மென்பொருள் வைத்திருக்கும் கராஜில் காட்டுவது நல்லது. சொக்கற்றில் இரண்டு துளையைக் கம்பியால் இணைத்து என்ஜின் விளக்கு மினுங்குவதை எண்ணிப் பழுது பார்க்கும் பழைய வித்தையும் உண்டு. அதே சொக்கற்றில் பற்றறியின் நேர்மின்னும் வருகிறது. துளை மாறினால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை, ஆகவே எந்தத் துளை என்று இங்கே எழுதவில்லை.

9 ஜூன்

சென்சருக்கு முன் இலவசமாகப் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. அப்பா ஓடாமல் விட்ட பிறகு வாகனம் எங்கே நின்றது?

9 ஜூன், இரவு

மெரின் டிரைவ் பக்கம், மாடிவீட்டுக்குக் கீழே, பல மாதம். அப்படியென்றால் பிரேக்கைப் பாருங்கள். கடற்கரையில் இருந்து கல்லெறி தூரத்தில் நிற்கும் வாகனத்துக்கு உப்புக்காற்று முதலில் கை வைப்பது கலிப்பர் பின்னில், அதாவது பிரேக் பாட்டை அழுத்தும் கலிப்பர் வழுக்கி நகரும் கம்பியில். அந்தக் கம்பி இறுகினால் பிரேக்கை விட்ட பிறகும் பாட் தட்டை உரசிக்கொண்டே இருக்கும். வாகனம் நிற்கும், ஓடும், சத்தமும் இருக்காது. பெற்றோல் மட்டும் போகும்.

ஓர் ஓட்டம் முடிந்து வந்ததும், கடைசிக் கொஞ்சத் தூரம் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வந்து நிறுத்தி, நான்கு சில்லின் ரிம்முக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். இடமும் வலமும் ஒரே மாதிரிச் சுட வேண்டும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான் ஆள். முன் சில்லில் ஒரு பக்கம் மட்டும் கறுப்புத் தூள் கூடப் படிந்திருந்தாலும் அதே சாட்சி. பின்னால் கை பிரேக் வயர் இறுகியிருக்கலாம், சமதரையில் நியூட்ரலில் விட்டு ஒரு ஆள் தள்ளிப் பார்த்தால் தெரியும்.

11 ஜூன்

முன் இடது சில்லு. "கிட்டக் கொண்டுபோகவே முடியவில்லை அண்ணா." கலிப்பர் பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்குரிய சிலிக்கோன் கிறீஸ் போட்டு, தேய்ந்த பாட்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பக்கமும் சேர்த்து. சாதாரண கிறீஸ் போட விடாதீர்கள், ரப்பரை ஊதவைத்துவிடும்.

14 ஜூன்

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒருவர்: தன்னுடைய அதே மாதிரி 121 ஊருக்குள் பரவாயில்லையாம், கட்டுநாயக்கா ஹைவேயில்தான் மோசமாம். டாஷ்போர்டில் செம்மஞ்சளாக "ஓ/டி ஆஃப்" என்று ஒரு விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். "அது வாங்கின நாளில் இருந்து எரியுது, அது டிசைன் எண்டு நினைச்சன்" என்கிறார்.

ஐயா, கியர் தடியின் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அமத்துங்கள். இவ்வளவு காலமும் நாலாவது கியரே இல்லாமல் விமான நிலையத்துக்குப் போய் வந்திருக்கிறீர்கள். காலி வீதி வேகத்துக்கு நாலாவது கியர் வருவது அரிது, அதனால் ஊருக்குள் வித்தியாசம் தெரியவில்லை.

15 ஜூன்

பேச்சு 2022 பெற்றோல் தட்டுப்பாட்டுக்குப் போய்விட்டது, போகாமல் இருக்குமா? ஜூன் கடைசியில் 92 ஒரு லீற்றர் 470 ரூபாய், அதுவும் இருந்தால். இரவு முழுக்க வரிசையில் படுத்தவர்களுக்கு ஜூலையில் கியூஆர் பங்கீடு வந்தது, காருக்கு வாரம் 20 லீற்றர். லீற்றருக்கு எத்தனை ஓடுகிறது என்பது பலருக்கு அப்போதுதான் முதன்முதலாகத் தெரியவந்தது, வேறு வழியில்லாமல். என் பக்கத்து வீட்டுக்காரர் அந்த இருபதில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வேலை, மாமியாரின் கிளினிக் மூன்றையும் கொப்பியில் எழுதிப் பிரித்தார். 2023 செப்டெம்பரில் கியூஆர் நின்ற அன்றோடு கொப்பியும் நின்றது.

28 ஜூன்

தங்கச்சி: 8.1.

இதற்கு மேல் இன்னொரு சில்லறைத் திருத்தம். டயர் அளவை வாசித்து அனுப்பச் சொன்னேன். பூட்டியிருப்பது 185/70 ஆர்14. ஓட்டுநர் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கர் 175/70 ஆர்14 என்கிறது. ஸ்டிக்கர் சொல்லும் டயரின் விட்டம் 600.6 மில்லிமீற்றர், பூட்டியிருப்பது 614.6. சில்லு ஒரு சுற்றுக்கு 2.3 வீதம் கூடத் தூரம் போகிறது, மீற்றருக்கு அது தெரியாது. மீற்றர் 100 காட்டும்போது வாகனம் 102.3 ஓடியிருக்கிறது. ஆக 8.1 என்பது உண்மையில் 8.3. முதலில் அளந்த 6.8உம் 6.96தான். காசில்லாமல் கிடைத்த முன்னேற்றம், ஆனால் கடதாசியில் மட்டும். சந்தேகம் என்றால் தெற்கு அதிவேகப் பாதையின் கிலோமீற்றர் கற்களோடு மீற்றரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். காற்றையும் அதே ஸ்டிக்கரைப் பார்த்து அடியுங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது. செட்டில் கேட்காமலே முப்பது அடித்துவிடுவார்கள்.

மே 4இல் நான் போட்ட போக்குவரத்துக் கணக்கு 8.2. அந்த 0.9 லீற்றர் ஒரு பொதுவான கணக்குத்தான், இவ்வளவு கிட்ட வந்ததில் பாதி அதிர்ஷ்டம்.

29 ஜூன்

"இப்ப விற்கவா?" தம்பி இன்னும் விடவில்லையாம். சரி, கணக்குப் பார்ப்போம். மாதம் 500 கிலோமீற்றர், லீற்றர் 300 ரூபாய் என்று வைப்போம். திருத்திய 6.96இல் 72 லீற்றர் அளவில். 8.3இல் 60. மாதம் பன்னிரண்டு லீற்றர், மூவாயிரத்து அறுநூறு ரூபாய் அளவில் மிச்சம். ஒரு தேர்மோஸ்டாட்டும் பிரேக் வேலையும் சில மாதத்தில் கட்டுப்படியாகும். என்ஜினை இறக்கிச் செய்திருந்தால் ஆகியிருக்காது.

ஹைபிரிட் லீற்றருக்கு 18 கொடுக்கும் என்று வையுங்கள், 28 லீற்றர் போதும். மிச்சம் 32 லீற்றர், பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 121ஐ விற்ற காசுக்கு மேல் இன்னும் முப்பது இலட்சம் போட்டு எடுப்பதாக இருந்தால் அந்தப் பணம் திரும்பி வர இருபத்தைந்து வருடம். இடையில் ஹைபிரிட் பற்றறி ஒன்றாவது மாற்ற வேண்டிவரும். 2020இல் இறக்குமதியை நிறுத்திய நாளில் இருந்து பழைய வாகனத்தின் விலை ஏறிய ஏற்றம் தெரிந்ததுதான். 2025இல் திறந்தார்கள், வரியைப் பார்த்தால் திறந்ததா மூடியதா என்று சந்தேகம் வந்தது. ஒரு நாளைக்கு நூறு கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு என் கணக்கு அப்படியே தலைகீழாகும். அவர் தம்பி சொல்வதைக் கேட்கலாம்.

5 ஜூலை

தங்கச்சி திருத்த வீதத்தையும் ஸ்கான் செய்து அனுப்பியிருக்கிறார், கூட்டல் மூன்று. ஒக்சிஜன் சென்சர் பூட்டிய இடத்திலேயே இருக்கட்டும்.

6 ஜூலை

மே 24இல் காற்று வடிகட்டி பற்றி எழுதியதை வாசித்துவிட்டு சன்னி பி12 வைத்திருக்கும் ஒரு பெரியவர் கேட்கிறார், தனக்கும் அது பொருந்துமா என்று. உங்களுடையது கார்புரேட்டர் என்றால் பொருந்தாது ஐயா. அங்கே கணினி இல்லை, காற்று குறைந்தால் பெற்றோல் குறையாது. அதே ஓக் ரிட்ஜ் ஆய்வு பழைய கார்புரேட்டர் வாகனத்தில் அடைத்த வடிகட்டிக்கு இரண்டு முதல் ஆறு வீதம்வரை இழப்பு என்று சொல்கிறது. வடிகட்டியை மாற்றுங்கள். மாற்றும்போது மூடி திறந்திருக்குமே, என்ஜின் சூடாக இருக்கையில் சோக் தகடு செங்குத்தாக நிற்கிறதா என்றும் பாருங்கள். சரிந்து பாதி மூடியபடி நின்றால் உங்கள் பெற்றோல் அங்கேதான் போகிறது. கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.